ஒரு வாஷர் மிச்சம்

பின் வலது சில்லின் உள்பக்கம் ஈரம்.
கந்தப்பொளையில் எந்த ஈரத்தையும்
மழைமேல் பழி போட்டுவிடலாம்.
விரலால் தொட்டு முகர்ந்தேன்.
பிரேக் எண்ணெய்.

நிமலசிரி பாஸ் கூலி மட்டும் பதினெட்டாயிரம் கேட்டார்.
"நாலு பக்கமும் கழட்டணும் மல்லி.
ஒன்னு கசிஞ்சா மத்ததும் வரிசையில நிக்கும்."
சரியான பேச்சு.
சரியான பேச்சுக்குத்தான் விலை அதிகம்.

தவமலர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்:
பதினைந்தாம் திகதி லீசிங், அறுபத்திரண்டு.
டீசல். சின்னவளின் டியூஷன்.
போன கிழமை லீக்ஸ் விழுந்த விழுக்காடு.
கோடு கிழித்து, கீழே ஒன்றும் எழுதாமல்
பென்சிலைக் கொண்டைக்குள் செருகினாள்.
அதுதான் விடை.

கிளட்ச் பிளேட் நானே மாற்றியிருக்கிறேன்.
ரேடியேட்டர் ஓட்டையை ஒருமுறை சவர்க்காரத்தால் அடைத்து
வலப்பனை வரை போயிருக்கிறேன்.
அவையெல்லாம் பழுதானால் லொறி நின்றுவிடும்.
இது பழுதானால்
நிற்காது.

ஞாயிறு காலை சில்லுக்குக் கல் வைத்து ஜக்கு ஏற்றினேன்.
தையல் மெஷினை மூடியிருந்த பேப்பரை உருவி
சாமான் வைக்க விரித்தேன்.
டிரம் அசையவில்லை.
தட்டினேன், ஏசினேன், கொஞ்சம் கெஞ்சினேன்.
கடைசியில் துளையில் போல்ட் முறுக்கித் தள்ள
கறுப்புத் தூளைத் துப்பிக்கொண்டு வந்தது.
உள்ளே, காசளவு இறப்பர்க் குல்லா இரண்டு,
விளிம்பு கிழிந்து.
இதை நம்பியா ஆறு வருசம்
மூன்று தொன் கரட்டோடு றம்பொடையில் இறங்கினேன்?

"ஏங்க, நான் என்னா செய்யணும்?"
"மேல ஏறி பெடலை அமுக்கு."
அமுக்கு. பிடி.
நிப்பிளைத் தளர்த்த, போத்தலுக்குள் குமிழி.
பூட்டிட்டேன். விடு.
அமுக்கு. பிடி.
நாற்பது தடவைக்குப் பிறகு
கால் கடுக்குது என்றவள், சாரதி சீட்டில் சாய்ந்து
ஹோர்னையும் ஒருமுறை அடித்துப் பார்த்தாள்.
லயத்து நாய்கள் அத்தனையும் எழுந்தன.

ஆறு மணி. பெடல் கல்லாய் நின்றது.
பேப்பரில்
ஒரு வாஷர் மிச்சம்.

சட்டைப் பொத்தான் அளவுதான்.
இரவு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
நாலு பக்கமும் மனதில் கழற்றிப் பூட்டினேன்.
ஒவ்வொரு முறையும் அது மிஞ்சியது.
"தூங்குங்க" என்றாள், அவளும் தூங்காமல்.
மூன்று மணிக்குத் தம்புள்ளை லோடு.
போகவில்லை.

விடிந்ததும் கராஜ்.
பாஸ் கேலி செய்யவில்லை, அதுதான் கூசியது.
எல்லாம் கழற்றினார். பார்த்தார். பூட்டினார்.
வாஷரை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இது லொறிச் சாமான் இல்ல."
பழைய பால்மா டின்னுக்குள் போட்டார்,
அதன் வகையறாக்களோடு.
"ஒங்க வேலை நல்லம். இடது பின்னால
ஒரு ஸ்பிரிங் மட்டும் தலைகீழா."
"ஓடுமா பாஸ்?"
"ஓடும். என் லொறின்னா ஓட்டமாட்டேன்."

ஐயாயிரம் கொடுத்தேன்.
எவ்வளவு ஸ்பிரிங்குக்கு, எவ்வளவு
அந்தத் தூக்கமில்லாத ராத்திரிக்கு என்று கேட்கவில்லை.
அடுத்த முறை நீயே கழட்டு, என்றார்,
பூட்டுறப்ப என்னைக் கூப்பிடு.

அன்றிரவு றம்பொடை.
பனி, முன்னால் ஒரு பஸ்ஸின் சிவப்பு விளக்கு,
பின்னால் மூட்டைகளின் பாரம்
என் முதுகில் கை வைத்தபடி.
வளைவுக்கு வளைவு கால் கேட்டது, பெடல் சொன்னது.
மூன்றாவது வளைவு தாண்டிப் போன் அடித்தது.
ஓரங்கட்டினேன்.
நின்றது.

"ஏங்க, தையல் மெஷின் ஓடமாட்டேங்குது.
அந்த வாஷர எங்க வச்சீங்க?"