உப்புக் கதவு

ஹார்லிங்கன் மதகுக் காவலர் வீப்ரன் ஹோக்ஸ்மா
சிகரெட்டை விட்டது மார்ச்சில்.
விரலுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.
சட்டைப்பைக்குள் குடிவந்தது கறுப்பு மிட்டாய்:
சாய்சதுரம், இரட்டை உப்பு,
நாக்கை முதலில் கடித்துவிட்டுப்
பிறகு மன்னிப்புக் கேட்கும் இனிப்பு.

'கொழுப்பு இல்லை' என்று
பொட்டலத்தில் பெரிதாகப் போட்டிருந்தது.
கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது.
அவர் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது.

ஜூனில் காலுறை கழற்றினால்
கணுக்காலைச் சுற்றிப் பள்ளம்.
ஜூலையில் காவலறையின் இருபத்தாறு படி
நாற்பதாயிற்று.
ஆகஸ்டில், இறால் படகொன்று ஹாரன் அடித்துக் காத்திருக்க,
விசைக்கு நீட்டிய கை
பாதியில் நின்றது
யாருடைய கையோ போல.

லேவார்டன் ஆஸ்பத்திரி.
அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு.
பொட்டாசியம் இரண்டு புள்ளி மூன்று.
டாக்டர் பவுக்யே கேட்டார்: என்ன சாப்பிடுகிறீர்கள்?
ரொட்டி. சீஸ். வெள்ளிக்கிழமை மீன்.
வேறு?
ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தார்.
நாக்கு கரியாக இருந்தது.

நாளைக்கு எத்தனை?
ஒரு பை.
சின்னப் பையா?
அவர் ஜன்னலைப் பார்த்தார்.

டாக்டர் காகிதத்தில் வரைந்தார்:
இது சிறுநீரகம், இது வாசல்,
வாசலில் ஒரு நொதி, அதுதான் காவல்.
அந்த வேரின் தித்திப்பு
காவலைத் தூங்கவைத்துவிடும்.
அப்புறம் உப்பு வெளியே போகாது,
உப்பை விட்டுத் தண்ணீரும் போகாது,
பொட்டாசியம் மட்டும்
சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கும்,
தசையிலிருந்து, இதயத்திலிருந்து.

முப்பத்திரண்டு வருஷம்
கடலுப்பு கால்வாயில் ஏறாமல் காத்தவர்
படத்தை நெடுநேரம் பார்த்தார்.
"காவலாளி தூங்கினால்
எங்கள் ஊரில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்" என்றார்.

(நம்மவர்கள் மதுரம் என்று பெயர் வைத்து
அதோடு நிறுத்தவில்லை.
முன்னால் ஓர் 'அதி' போட்டார்கள்.
தொண்டை கட்டினால் ஒரு துண்டு.
ஒரு துண்டுதான்.)

அக்டோபரில் வேலைக்குத் திரும்பினார்.
பாய்மரப் படகு வந்தது.
வழக்கம்போலத் தூண்டிற்கோலில் மரச்செருப்பைக் கட்டி
இறக்கினார், சுங்கத்துக்கு.
ஏறி வந்த செருப்பில்
இரண்டு யூரோ நாணயம்.
பக்கத்தில், பிரியமாக, மூன்று கறுப்புச் சாய்சதுரங்கள்.

காசை மட்டும் எடுத்துக்கொண்டார்.
செருப்பை ஆணியில் மாட்டினார்.
மழையில் அவை கரைந்து முடிய நாலு நாளாயிற்று.
அந்த நாலு நாளும்
அந்தப் பக்கம் போகும்போதெல்லாம்
ஒருமுறை
உள்ளே எட்டிப் பார்த்தார்.