மூன்றாம் மாடியில் ஒரு பை

மூன்று மணிக்குக் கூட்டம் என்றார்கள்.
மூன்றரைக்குப் போலீஸ் வந்தது,
முதன்முறையாக
கதவைத் தட்டிவிட்டு.

ஈஸ்ட்லீயில், எங்கள் வளாகத்தின் மொட்டைமாடி.
நைரோபியின் புழுதி படிந்த நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி,
ஒட்டகப்பால் தேநீர் இரண்டு பிளாஸ்க்.
செல்போன் விற்கும் வர்ஸமே,
தங்கக்கடை ஷுக்ரி,
பணம் அனுப்பித் தரும் கூலேத்,
துணிக்கடை நான்.
முன்வரிசையில் யாரும் உட்காரவில்லை.

இன்ஸ்பெக்டர் நெகேசா
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.
"உங்கள் கண்கள் எங்களுக்கு வேண்டும்."
பின்னாலிருந்து கூலேத்:
"போன வருஷம் எங்கள் பணப்பைகள் வேண்டியிருந்தன."
யாரும் சிரிக்கவில்லை.
ஒரு நாற்காலி மட்டும் கிரீச்சிட்டது.

வேலி வந்து மேய்ந்த இரவுகள்
எங்களுக்கு நினைவிருக்கின்றன.
அடையாள அட்டையைப் படிக்காமல்
அதற்குள் மடித்த நோட்டைத் தேடிய டார்ச் வெளிச்சம்.
என் தம்பியை லாரியில் ஏற்றிப்போய்
நான்காம் நாள் செருப்பில்லாமல் அனுப்பினார்கள்.

ஆனால்
பஸ் நிறுத்தத்தில் வெடித்த அன்று
புகைக்குள்ளிருந்து ஓடிவந்து
"துணி, துணி" என்று கை நீட்டியவளும் இவள்தான்.
ஒரு சுருள் வெள்ளைப் பருத்தி.
வாழ்க்கையில் ஒருநாள்தான்
நான் அளக்காமல் கிழித்திருக்கிறேன்.

அவள் ஒரு தாள் கொடுத்தாள்.
தடித்த கோட்டு அணிந்தவரைக் கவனி.
படிக்கட்டை எண்ணுகிறவரைக் கவனி.
ஜூலையில் எங்கள் ஊர் நடுங்கும்,
தடித்த கோட்டுத் துணி விற்றுத்தான் நான் வாடகை கட்டுகிறேன்.
படிக்கட்டை எண்ணுகிறவர் கூலேத்,
முழங்கால் வலி.
இந்தத் தாளை எழுதியவர்
வேறு ஏதோ வெயிலில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.
மடித்து, கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது.
லிஃப்டுக்குப் பக்கத்து பெஞ்சின் கீழே
ஒரு பச்சைப் பை.
காலையிலிருந்து யாரும் அதைத் தேடி வரவில்லை.

"கூப்பிடாதே," என்றான் வர்ஸமே.
"வந்தால் தெருவையே வாரிக்கொண்டு போவார்கள்."
"கூப்பிடாவிட்டால்?" என்றாள் ஷுக்ரி.
என் கத்தரி
யாருடையதோ கல்யாணத் துணியில்
பாதி வழியில் நின்றிருந்தது.

ஸ்டேஷனுக்கு அல்ல,
அவள் எண்ணுக்குத்தான் அழைத்தேன்.
நான்கு முறை மணி அடித்தது.
நான்கு முறையும் தம்பியின் வெறுங்கால்.

"தொடாதே. கத்தாதே.
ஷட்டரை இறக்கு. எல்லாரும் பின்படி வழியாக."

ஷட்டர்கள் இறங்கின, ஒன்றன்பின் ஒன்றாக.
போலீஸ் வருகிறது என்றால் இறங்குமே,
அதே ஓசை.
இன்று போலீஸ் சொல்லி.

முந்நூறு பேர் மாண்டாஸி விற்கும் சந்தில் நின்றோம்.
எண்ணெய் கருகிக்கொண்டிருந்தது,
அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.
நாய் உள்ளே போனது.
கவசம் அணிந்த ஒருவர் உள்ளே போனார்.
வெகுநேரம் கழித்து
இடுப்பில் கை வைத்தபடி வெளியே வந்தார்.

ஓட்டை விழுந்த விளையாட்டு ஷூ.
பாதி தின்ற சப்பாத்தி.
கணக்கு நோட்டு: அப்டிரிசாக், ஏழாம் வகுப்பு.

கூட்டத்துக்குள்ளிருந்தே வந்தான்.
அழுகையில் பேச்சு வரவில்லை.
ஒரு கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தான்,
"பெயர்? அப்பன் பெயர்? அட்டை எங்கே?"
முந்நூறு பேரும் மூச்சை உள்ளேயே வைத்திருந்தோம்.
வர்ஸமே என்னைப் பார்த்தான்.
நான் தரையைப் பார்த்தேன்.

நெகேசா சொன்னாள்:
"பையை எழுது.
பையனை எழுதாதே."

அவ்வளவுதான்.
கைதட்டல் எல்லாம் இல்லை.
அரைநாள் வியாபாரம் போச்சு, யார் தருவது என்று
கூலேத் மாலைவரை முனகினார்.
கல்யாணத் துணிக்காரி திரும்பி வரவே இல்லை.
நீலச் சீருடைத் துணியை
என் தம்பி இன்றைக்கும் மடிக்க மாட்டான்,
நான்தான் மடிக்கிறேன்.

அடுத்த கூட்டம் மூன்று மணிக்கு.
மூன்றே காலுக்கு வந்தாள்.
கோட்டு வரியைத்
தன் பேனாவாலேயே அடித்துவிட்டு,
"வேறென்ன தப்பு?" என்று கேட்டாள்.

முன்வரிசையில் ஒரே ஓர் ஆள், ஷுக்ரி.
நான் இல்லை.
நான்
இரண்டாம் வரிசை.