ஏழாம் தொட்டி

நவம்பர் பதினொன்று.
மோசெல் ஆற்றின்மேல் மூடுபனி
இன்னும் எழுந்திருக்கவில்லை.
ரோஸ்விதா தீல்கெஸ் ஏழாம் தொட்டியின் எஃகில்
காதை வைத்துப் பார்க்கிறாள்.
ஒன்றுமில்லை.
மற்றவை பொருமுகின்றன, ஏப்பம் விடுகின்றன.
இது மட்டும் பதினான்கு நாளாய் வாய் மூடிக் கிடக்கிறது,
லிட்டருக்கு முப்பத்தொரு கிராம் இனிப்பை
விழுங்காமல், துப்பாமல்.

பழைய ஈஸ்டின் குணம் அவளுக்குத் தெரியும்.
குளுக்கோஸை வழித்துத் தின்னும்;
ஃப்ரக்டோஸைக் கறிவேப்பிலையாய் ஓரத்தில் ஒதுக்கும்.
நிலவறை பத்து டிகிரிக்கு இறங்கிவிட்டால்
இலையை மூடிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஆய்வகத்திலிருந்து அன்னெலி கொண்டுவந்தாள்
அரைக் கிலோ பொட்டலம்.
பெயரில்லை, ஓர் எண் மட்டும்.
"தாய் மது ஆலையில் பிறந்து வளர்ந்தவள்.
தகப்பன் ஓக் மரப்பட்டையில் பனி தின்று கிடந்தவன்.
ஈஸ்டுக்கு ஏது தாய் தகப்பன், சும்மா சொல்கிறேன்.
ஆயிரத்து நானூறு தட்டுகளில் தேடிப் பொறுக்கியது.
குளிரில் வேலை செய்யும். மிச்சம் வைக்காது."

வேலிக்கு அப்பாலிருந்து வின்ஃப்ரீட்:
"கோவேறு கழுதையை நான் உள்ளே விடமாட்டேன்."

ரோஸ்விதா திரும்பாமலே சொன்னாள்:
"உன் ரீஸ்லிங் மட்டும் என்ன, ராஜவம்சமா?
ஏதோ ஒரு மேட்டில் இரண்டு கொடிகள்
யாரையும் கேட்காமல் மகரந்தம் மாற்றிக்கொண்டதுதானே."

இளஞ்சூட்டு நீரில் எழுப்பினாள்.
தொட்டியிலிருந்து ஒரு கரண்டி.
பொறுத்தாள்.
இன்னொரு கரண்டி.
சாராயத்தின் எரிச்சல் அதற்குப் பழகும்வரை
வாளியருகே ஸ்டூல் போட்டு இரண்டு நாள்.

ஊற்றிய மூன்றாம் இரவு, இரண்டே கால் மணி,
காற்றடைப்பில் ஒரு குமிழ்.
ஒன்றேதான்.
அடுத்தது வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

பிப்ரவரியில் திறந்தார்கள்.
நாக்கில் ஒரு கனம், எண்ணெய்போல் நழுவி.
தொண்டையைச் சுடாத போதை.
மழையில் நனைந்த பலகைக்கல் வாசம்,
அதற்குப் பின்னால், வெகு பின்னால், ரோஜா.
வின்ஃப்ரீட் முதல் கோப்பைக்கு ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவதற்கும் சொல்லவில்லை,
கோப்பையை மட்டும் நீட்டினான்.

கோவேறு கழுதைதான்.
அதன் வித்து பிழைக்காது.
தன்னிலிருந்து தன்னையே மொட்டு மொட்டாய்க் கிள்ளி
கடைசி இனிப்புவரை நடந்து
அடியில் சேறாய்ப் படிந்துவிட்டது.

குழாயைத் திருப்பிவிட்டாள்.
சாம்பல் வெள்ளை, ரொட்டி மணம்.
எல்லாம் போயிற்று, வடிகால் வாயில் கொஞ்சம் நின்றது;
துடைப்பத்தால்
இரண்டு முறை தள்ளவேண்டியிருந்தது.