சின நண்டு

செம்பவாங் படகுத்துறைக் கம்பியில்
கேபிள் டை போட்டு இறுக்கிய அட்டை.
நான்கு மொழி. நமக்கு எப்போதும்போல் கடைசி வரி:
‘சின நண்டுகளைக் கடலில் விட்டுவிடவும்.’

ஐகாரக் கொம்பு அச்சில் விழுந்துவிட்டது.
ரித்வானுக்கு விளக்கிச் சொன்னேன். சிரித்தான்.
கோபப்படாத நண்டை
நீ எங்கே பார்த்தாய்?

மூன்று இரவுகள்.
கோழிக்கழுத்து இரண்டு பாக்கெட் தீர்ந்தது.
ஏறியவை எல்லாம்
ரித்வானின் பிளாஸ்டிக் அடிக்கோலில்
விரல் அகலம் குறைந்தவை.
போ, போ என்று போட்டுக்கொண்டே இருந்தோம்
சில்லறை திருப்பும் கடைக்காரர்கள்போல.

நாலாம் இரவு, நீர் வற்றத் தொடங்கியதும்
வலை கனத்தது.
டார்ச் வெளிச்சத்தில்
உள்ளங்கையைவிடப் பெரியவள்.
அளவு தாராளம். ரித்வான் வாளியை நகர்த்தினான்.

திருப்பினேன்.
வயிற்று மடலுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு,
கேசரி நிறமெல்லாம் கடந்து,
ஈரக் காப்பித்தூள்.
கறுத்துவிட்டால் இன்னும் ஓரிரு நாள்தான்.

யாரும் இல்லை.
கேமரா கழிவறைப் பக்கம் பார்த்திருந்தது.
வீட்டில் மிளகு வறுத்தாயிற்று,
ஞாயிறு மச்சினன் குடும்பம் வருகிறது.
கடையில் கிலோ விலை கேட்டால்
இலங்கையிலிருந்து வந்த நண்டு
வணிக வகுப்பில் வந்திருக்குமோ என்று தோன்றும்.

எதிரே ஜொகூர் விளக்குகள்.
இடையில் கொஞ்சம் தண்ணீர்,
கடப்பிதழ் இல்லாமல் இவள் போய்வருவது.
நான் விட்டால் அவன் பிடிப்பான்
என்று நான் சொல்லும் அந்த அவன்
அந்தக் கரையில் நின்று
என்னைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

இரண்டு கொடுக்கையும் தூக்கினாள்.
அட்டையில் தவறிப்போன கொம்பை
இவள்தான் எடுத்து வந்திருக்கிறாள்.
சினம்தான்.
சினையும்தான்.

பாசி வழுக்கும் கடைசிப் படிவரை இறங்கி
தண்ணீரில் வைத்தேன்.
நன்றி கெட்டவள்,
போகிற போக்கில் கட்டைவிரலைக் கிழித்தாள்.

ரித்வான் பையில் மார்க்கர் இருந்தது.
ரத்தம் வழிய வழியக் கொம்பு போட்டேன்.
கை நடுங்கி, கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஞாயிறு முட்டைக்குழம்பு.
விரலில் என்ன பிளாஸ்டர் என்றான் மச்சினன்.
ஓர் எழுத்துப்பிழை என்றேன்.