மீதி ஐம்பத்தெட்டு

தெலுக் கும்பாரில் கடல் பின்வாங்கும் நேரம்
தயாபரனுக்கு மனப்பாடம்.
காரின் ரோட் டெக்ஸ் முடிந்த தேதியை மட்டும்
போலீஸ்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

ஞாயிறு, விடியுமுன்.
உலோகம் தேடும் கருவி அவர் தோளில்,
சல்லடைக் கரண்டி மகன் கவிந்தரிடம்,
கோப்பி ஃப்ளாஸ்க்கும் அவநம்பிக்கையும் என்னிடம்.
லோஷினி எதையும் தூக்க மாட்டாள்.
அவள் கணக்கெழுதுகிறவள்.

டின் மூடி வளையம், நானூற்றுப் பதினொன்று.
தூண்டில் ஈயம், முப்பத்தெட்டு.
பத்து சென்னும் இருபது சென்னுமாக
ஒன்பது ரிங்கிட் எழுபது.
முள்ளில்லாத கைக்கடிகாரம்.
யார் வீட்டுக் கதவுடையதோ, சாவி மூன்று.
தங்கம் என்று தலைப்பிட்டு
முதல் நாளே கோடு போட்ட பக்கம்
இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

கருவி எண்ணூறு ரிங்கிட்.
அதே மாதம் சமையலறைக் கூரை ஒழுகியது.
ஆறாயிரம் ஆகும் என்றார் கொந்த்ராக்டர்,
அண்ணாந்துகூடப் பார்க்காமல்.
"நாமே போடலாம்."
அந்த நாமேக்குள்
ஏணி பிடிப்பது நான் என்பது
சொல்லப்படாமல் இருந்தது.

சுங்கை டுவா ஹார்ட்வேர் கடையில்
தகரத்தை அளந்துகொண்டே தவுக்கே கேட்டார்,
முன்னே செய்ததுண்டா?
"வீடியோ பார்த்தோம்" என்றான் கவிந்தர்.
தவுக்கே பேசவில்லை.
ரப்பர் வளையம் ஒரு பை கூடுதலாகப் போட்டார்,
அதற்குக் காசும் வாங்கவில்லை.

திருகாணியைத் தகரத்தின் மேட்டில் முடுக்க வேண்டும்.
நாங்கள் பள்ளத்தில் முடுக்கினோம்.
தண்ணீர் பள்ளத்தில்தான் ஓடும் என்பதைப்
புதன்கிழமை மழை
அடுப்புக்கு நேர்மேலே வந்து சொல்லிவிட்டுப் போனது.
அன்றைக்கு ரசம் அளவில் கூடியிருந்தது.

மறுபடி ஏணி.
பழைய துளைக்கெல்லாம் சிலிகான் பொட்டு.
கழற்றிய ஒவ்வொன்றையும்
திரும்பிப் பார்க்காமல் வீசினார்.
கீழே வாளி வைத்திருக்கிறேன் என்று நான் கத்தியது
மழைச் சத்தத்தில் கேட்கவில்லையாம்.
மழை அன்று பெய்யவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு ரொஹானி வந்தார்,
சிரித்தபடிதான்,
மோட்டார் டயரில் பிடுங்கிய திருகாணி உள்ளங்கையில்.

லோஷினி புதுப் பக்கம் திருப்பினாள்.
வாங்கியது இருநூறு.
கூரையில் நூற்றிருபத்தெட்டு.
டப்பாவில் பதின்மூன்று.
டயரில் ஒன்று.
மீதி ஐம்பத்தெட்டு எங்கே, அப்பா?

இரவு எட்டு மணிக்கு
எங்கள் முன்வாசல் தெலுக் கும்பார் ஆனது.
கடற்கரையில் கஞ்சத்தனம் பிடித்த கருவி
இங்கே வாய் மூடவே இல்லை.
புல்லில் பீப், சாக்கடையோரம் பீப்,
ரோஜாத் தொட்டிக்குள் மூன்று பீப்.
"லாகி சத்து!" என்று ரொஹானி டார்ச்சோடு கத்த,
கவிந்தர் குப்புற விழுந்து எடுக்க,
எங்கள் பேச்சில் ஒரு மாதமாகத்
தகரம் தவிர வேறொன்றும் இல்லை என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
அது எனக்குப் பிடித்துமிருந்தது.

ஐம்பத்தேழு.

மணி பத்தரை.
கோப்பி கலக்க உள்ளே போனவள்
சமையலறைத் தரையில் டக், டக் என்று நடந்தேன்.
காலைத் தூக்கிப் பார்த்தால்
ஜப்பான் சிலிப்பரின் அடியில்
தலைமட்டும் தெரியக் குத்தியிருக்கிறது
கடைசி.
காலையிலிருந்தே என்னோடு நடந்திருக்கிறது போல.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
நாலு பேரும் முழங்காலில்.
யார் மாமரத்தடி, யார் கேட்டோரம் என்று சண்டை.
லோஷினிகூட நோட்டைக் கீழே வைத்துவிட்டு
மண்ணில் கைவைத்திருந்தாள்.

சிலிப்பரை அப்படியே மாட்டிக்கொண்டு
ஐந்து கப்போடு வெளியே வந்தேன்.
தயாபரன் கருவியை என் பக்கம் திருப்பினார்.
பீப்.
இன்னும் கிட்டே.
பீப், பீப்.

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

மெட்டி, என்றேன்.
போய் அந்தப் பக்கம் தேடுங்கள்.