மாம்பழ மஞ்சள்

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு
லேபின் ஷட்டர் பாதி இறங்கும்போதே
பெனிற்றாவின் கண்ணில் கத்திரிக்கோல் தெரிந்தது.
"ஏட்டி, நம்ம ஜன்னல் துணிய நல்லா பாத்தியா?
மாம்பழ மஞ்சள். ஓரத்துல பச்சைக் கொடி.
அத ஜன்னலுக்கு உடுத்தி விட்டிருக்கது அநியாயம்லா."

வீட்டுக்காரர் திங்கள்சந்தையில் எடுத்துப் போட்டது.
வாடகை ஒப்பந்தத்திலேயே உண்டு:
மின்விசிறி ஒன்று, டியூப்லைட் இரண்டு,
திரைச்சீலை ஒரு சோடி.
சோடியில் ஒன்றை எடுத்தால்
மற்றது தனியாக என்ன செய்யும் என்றாள்.
அதனால் இரண்டையும் எடுத்தோம்.

வாடகைக்கு வாங்கிய மெஷின்
வெட்டூர்ணிமடம் மாடியறையில் கடகடத்தது.
அவளுக்குப் பாவாடை.
என் கறுப்புச் சுடிதாருக்குப் புடைத்த மஞ்சள் கை.
கொக்கி வைக்கும் வேலை சஜிலாவுக்கு.
அவள் ஊசி பிடிப்பது ரத்தம் எடுக்க மட்டும்.
நரம்பு தேடுவதுபோல்
துணியைத் தட்டித் தட்டிக் குத்தினாள்.
கம்பியில் மிச்சமிருந்த பித்தளை வளையம் இரண்டையும்
தானே காதில் மாட்டிக்கொண்டாள்.
தலையாட்டினால் ஜன்னல் திறக்கும் சத்தம்.

பஸ் ஏறும்வரை மழை இல்லை.
இறங்கியதும் ஐப்பசி, சொல்லாமல் கொள்ளாமல்.
தியேட்டர் வாசலுக்கு ஓடினோம்,
ஒரு திரையை உடுத்திக்கொண்டு
இன்னொரு திரையைப் பார்க்க.

படத்தின் கதை கேட்காதீர்கள்.
நாயகன் மலைமேல் நின்று ஏதோ சபதம் செய்தான்.
பைக்குள் ஒளித்துக் கொண்டுபோன
ஏத்தங்காய் சிப்ஸை
அவன் கத்தும்போது மட்டும் கடித்தோம்.
சஜிலா அழுதாள்; எதற்கென்று அவளுக்கும் தெரியாது.
மூக்கைச் சிந்த என் கையைத்தான் இழுத்தாள்,
புதுக் கையை.

இடைவேளை வெளிச்சத்தில் பார்த்தால்
பெனிற்றாவின் முழங்கால் மஞ்சள்,
கணுக்கால் மஞ்சள்,
சஜிலாவின் மூக்கு நுனி மஞ்சள்.
சாயம் எங்களை மெல்லக்
குடித்துக்கொண்டிருந்தது.

ராத்திரி புரோட்டாக் கடை.
இலையில் பிய்த்துப் போட்டு, மாட்டுக்கறி ரோஸ்ட் கவிழ்த்து,
எது சால்னா எது சாயம் என்று பார்க்காமல் தின்றோம்.
பக்கத்து மேசையில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா
நெடுநேரமாய்ப் பாவாடையையே பார்த்தாள்.
"எங்க எடுத்தது பிள்ளே?"
"திருவனந்தபுரம்" என்றாள் பெனிற்றா, விழுங்காமலே.
"என்ன ரேட்டு?"
"ஆயிரத்து எண்ணூறு."
சஜிலாவுக்குப் புரையேறி
வளையம் இரண்டும் கிலுங்கின.

அக்கா குனிந்து
பச்சைக் கொடியை விரலால் நீவினாள்.
"எங்க வீட்டு ஜன்னல்லயும் இதுதான் கெடக்கு.
திங்கள்சந்தை. மீட்டர் எண்பது ரூவா."

கல்லில் முட்டை பொரியும் சத்தம் மட்டும்.

பிறகு அவளேதான் முதலில் சிரித்தாள்.
குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு
கையின் சுருக்கத்தை எண்ணினாள்: ஒம்பது.
"நானும் வெட்டப் போறேன்.
அவரு கேட்டா எலி கடிச்சிற்றுன்னு சொல்லணும்."

ஞாயிறு ஆறு மணிக்கே
சூரியன் கேட்காமல் உள்ளே வந்து
மூன்று பேர் முகத்திலும் உட்கார்ந்தது.
எதிர்மாடியில் பல்தேய்த்த ஆள்
பிரஷ்ஷை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.
மணி அடித்தும் சர்ச்சுக்கு யாரும் எழவில்லை.

கீழே வீட்டுக்காரரின் ஸ்கூட்டர்.
பெனிற்றா நைட்டியோடு பாய்ந்து
கொடியில் காய்ந்த பாவாடையை எடுத்து
ஜன்னலில் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.
கீழ் ஓரத்தில் சால்னா.

அவர் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார்.
"துணி வெளுத்துப் போச்சே?"
"வெயில் சார்" என்றாள்
திரைக்குப் பின்னாலிருந்து.

ஸ்கூட்டர் போன பிறகும் அவள் கையை இறக்கவில்லை.
"இங்கின வந்து பாரு" என்றாள்.
துணிக்குள் நானும் முகத்தை வைத்தேன்.
பால்காரர், கறிக்கடை வரிசை,
குடை பிடித்துப் போகும் சர்ச்சுக் கூட்டம்,
தெரு முழுக்க மாம்பழம்.
சஜிலா இன்னும் தூங்குகிறாள்
காதில் வளையத்தோடு.