நாலு துண்டு

நைஃப் பக்கம், மூன்றாம் மாடி, பரிசோதனைக் கூடம்.
ராத்திரி எட்டேகால், மூடுகிற நேரம்.
ரெமிஜியுஸ், வெல்டர், ஜெபல் அலி,
சட்டைப் பையிலிருந்து ஒரு பனடால் அட்டையை எடுத்தான்.
காலிக் குழி ஒன்றுக்குள், டேப் ஒட்டி,
மோதிரத்தில் இருந்த வைரம்.

"கண்ணாடிய வித்துட்டான்க்கா.
நெசமான வைரம்னா சுத்தியலுக்கு அசையாதாமே.
பட்டறை வைஸ்ல வச்சு ஒரே போடு.
பாருங்க, நாலாப் போச்சு."

ஒரே போடு.
பதினாலு மாச ஓவர்டைம்.

தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன்.
காற்றில் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு சென்ட்.
கம்பிக் கூடையில் இட்டுத் தண்ணீருக்குள் இறக்கி
ஒட்டிய குமிழிகளைத் தூரிகையால் விரட்டினேன்.
குமிழி பொய் சொல்லும்.
தண்ணீரில் இருபத்தொன்பதரை.
குறைந்ததைக் கொண்டு வகுத்தால்
மூன்று புள்ளி ஐந்து இரண்டு.

உடைந்தாலும் தூளானாலும் அந்த எண் மாறாது.
ஜிர்கோனியா ஆறை நெருங்கும்.
வெள்ளை டோபாஸ் மட்டும் இதே எண்ணில் வந்து உட்காரும்,
அதனால் வெப்ப ஊசியையும் வைத்தேன்.
பீப் என்றது. நாலு தடவை.

தமிழில் கெட்டி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை பேர் மாட்டிக்கொள்கிறோம்.
கீறல் விழாததும் கெட்டி, அடிக்கு உடையாததும் கெட்டி,
கையில் கனப்பதும் கெட்டி.
மூன்றும் ஒரே வீட்டில் குடியிருப்பதாக நினைப்பு.
சுத்தத் தங்கம் தண்ணீரைப் போலப் பத்தொன்பது மடங்கு,
அதில் பல் பதியும்.
அடித்தால் தகடாகிப் படுத்துக்கொள்ளும், முறியாது.
என் டிராயரில் ஒரு ஜேட் துண்டு கிடக்கிறது.
ஷமால் காற்றின் மணல்கூட அதைக் கீறிவிடும்;
சுத்தியல்தான் அதனிடம் தோற்கும்.
எதையும் கீறுகிற வைரமோ
வாகான திசையில் அடி விழுந்தால்
விறகு மாதிரி.

"தம்பி, இது நெசம்."

அவன் ஏசியைப் பார்த்தான். தராசைப் பார்த்தான்.
"நெசமாவா?"
"அதான் இவ்வளவு வழவழன்னு பிளந்திருக்கு."

"கடைக்காரன வாட்ஸ்அப்ல கண்டபடி திட்டிட்டேனேக்கா."

பிறகு, கொஞ்சம் கழித்து,
"சுத்தியல் முகத்துல ஒரு புள்ளி விழுந்திருந்துச்சு.
அப்பவே யோசிச்சிருக்கணும்."

ரிப்போர்ட் கேட்டான். தட்டினேன்:
இயற்கை வைரம். எண்ணிக்கை நான்கு.
"ஜெசிந்தான்னு பேர் போட முடியுமா?"
அந்தப் படிவத்தில் பெயருக்கு இடம் இல்லை.

குழிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தான்,
நாலு குழி, நாலு துண்டு.
நகத்தால் நீவி நீவி டேப்பை ஒட்டினான்.
மீதி ஆறு குழியில்
மாத்திரை அப்படியே இருந்தது.